ஒரே ஒரு 'ரொம்ப'வும் ஆங்கிலத்தின் பல அட்வெர்புகளும்

அட்வெர்ப் என்றால் வெர்பைப் பற்றிச் சொல்லும் சொல் என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி'. எப்படிப் பாடுகிறாள்? அழகாகப் பாடுகிறாள். சரி, பாடம் முடிந்தது, அடுத்த பக்கம். தமிழிலும் இதை வினையடை என்றே சொல்லிக் கொடுப்பதால், வினை இருக்கிற இடத்தில்தான் இதற்கு வேலை என்று மனதில் நன்றாகப் பதிந்துவிடுகிறது. ஆனால் 'வெரி ஹாட்', 'டூ ஸ்மால்', 'ரியலி நைஸ்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அங்கே ஹாட், ஸ்மால், நைஸ் எல்லாம் அட்ஜெக்டிவ். அவற்றுக்கு முன்னால் நிற்கிற வெரி, டூ, ரியலி எல்லாம் அட்வெர்ப். எந்த வெர்புக்கும் அவற்றுக்கும் அங்கே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அட்ஜெக்டிவ் ஒரு பொருளின் குணத்தைச் சொல்லும். அந்தக் குணம் எவ்வளவு இருக்கிறது, எந்த வகையில் இருக்கிறது என்று சொல்வது கூடவே வரும் அட்வெர்ப். அடிப்படை இவ்வளவுதான், தமிழுக்கு இது புதிதும் இல்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறு உரிச்சொற்களும் மிகுதியைக் காட்டும் என்று நன்னூல் வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறது. 'சாலச் சிறந்தது' என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் சால செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் வெரி செய்கிறது. பேச்சுத் தமிழில் அந்த ஆறும் வழக்கொழிந்து, பெரும்பாலும் 'ரொம்ப' ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது. டீ ரொம்பச் சூடு. சட்டை ரொம்பச் சின்னது, போடவே முடியாது. இந்த வீடு அதைவிட ரொம்பப் பெரிசு. எனக்கு மழை ரொம்பப் பிடிக்கும். நான்கிலும் நாம் போடுவது ஒரே சொல். ஆங்கிலமோ முதலாவதற்கு வெரி, இரண்டாவதற்கு டூ, மூன்றாவதற்கு மச், நான்காவதற்கு வெரி மச் என்று கேட்கும். நமக்கு வருகிற குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் எந்த மாதிரி அட்ஜெக்டிவோடு சேரும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன்னால், ஒரு அட்வெர்ப் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஷி பாட் எ சர்ப்ரைசிங்லி சீப் சாரி'. ஆச்சரியப்படும் அளவுக்கு விலை குறைந்த ஒரு புடவையை வாங்கினாள். இதில் சீப் என்ற சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'எ சர்ப்ரைசிங்லி சாரி' என்று வருகிறது, காதுக்கே ஒத்து வரவில்லை. சர்ப்ரைசிங்லி பிடித்துக்கொண்டு நின்றது சீப்பைத்தான், அது போனதும் இதற்கு நிற்க இடமில்லை. இப்போது சீப்பை விட்டுவிட்டு சர்ப்ரைசிங்லியை மறையுங்கள். 'எ சீப் சாரி', ஒரு குறையும் இல்லை. இதே சோதனையை 'எ பியூட்டிஃபுல் ரெட் சாரி' என்பதில் செய்தால் இரண்டில் எதை மறைத்தாலும் மிச்சம் சரியாகவே நிற்கும், ஏனென்றால் பியூட்டிஃபுல், ரெட் இரண்டுமே நேராகப் புடவையைப் பற்றிப் பேசுகிற அட்ஜெக்டிவ்கள். எந்த வாக்கியத்தில் சந்தேகம் வந்தாலும் இப்படி ஒருமுறை மறைத்துப் பார்த்துவிடலாம்.

கடைசியில் ஒரு 'லி' சேர்வதாலேயே பொருள் எவ்வளவு மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. 'எ ஸ்ட்ரேஞ்ச், கொயட் மேன்' என்றால் அந்த ஆள் விசித்திரமானவர், அமைதியானவரும்கூட. இரண்டும் அவருடைய குணம். 'எ ஸ்ட்ரேஞ்ச்லி கொயட் மேன்' என்றால் அவர் விசித்திரமானவர் என்று யாரும் சொல்லவில்லை, அவருடைய அமைதிதான் விசித்திரமாக இருக்கிறது. முதல் வாக்கியத்தில் ஆளைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, இரண்டாவதில் அது இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தவரைப் பற்றி யாராவது இப்படி எழுதினால் அந்த ஒரு 'லி' எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வெரி, டூ இரண்டையும் பார்ப்போம், நம் ஊரில் அதிகம் கலந்துபோவது இந்த இரண்டும்தான். 'தி டீ இஸ் வெரி ஹாட்' என்றால் டீ நல்ல சூடு, அவ்வளவுதான், சிலருக்கு அப்படிக் குடிப்பதுதான் பிடிக்கும். 'தி டீ இஸ் டூ ஹாட்' என்றால் இருக்க வேண்டியதைவிடச் சூடு அதிகம், இப்போது குடிக்க முடியாது. வெரி அளவை மட்டும் சொல்கிறது. டூ ஒரு எல்லையை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிவிட்டது என்கிறது. அதனால்தான் டூவுக்குப் பிறகு பெரும்பாலும் 'டு' போட்டு எதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடிகிறது: 'டூ ஹாட் டு டிரிங்க்', 'டூ ஹெவி டு லிஃப்ட்'. அந்த இரண்டாவது பகுதியை எழுதாமல் விட்டாலும் கேட்கிறவர் மனதில் அது ஓடும்.

இந்தியாவில் 'த ஃபுட் வாஸ் டூ குட்' என்று பாராட்டாகச் சொல்வது சகஜம், நமக்குள் பேசும்போது அதில் ஒரு சிக்கலும் இல்லை. வெளியே ஒருவரிடம் பேசும்போதுதான் கவனம் வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கப் போய், வீடு பெரிதாக, நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் 'யுவர் ஹவுஸ் இஸ் டூ பிக்' என்று சொன்னால், வீட்டுக்காரர் உங்களுக்கு இந்த வீடு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துச் சின்ன வீடு எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தொடங்குவார். அங்கே வேண்டியது 'வெரி பிக்'.

இதையொட்டி இன்னொன்று. 'டூ மச் ஹெவி', 'டூ மச் காஸ்ட்லி' என்பது தவறு. அட்ஜெக்டிவுக்கு முன்னால் டூ மட்டும் போதும். டூ மச் என்பது நவுனுக்கு உரியது: 'டூ மச் சுகர்', 'டூ மச் நாய்ஸ்'. அழுத்திச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் வரிசையைத் திருப்பிப் போட்டு 'மச் டூ ஹெவி' என்றோ 'ஃபார் டூ காஸ்ட்லி' என்றோ சொல்லலாம். அப்போது மச், ஃபார் இரண்டும் டூவின் மேல் உட்கார்கின்றன, டூ அட்ஜெக்டிவின் மேல் உட்கார்கிறது. ஒரு அட்வெர்ப் இன்னொரு அட்வெர்பைத் தாங்கி, அது அட்ஜெக்டிவைத் தாங்கி என்று அடுக்காகப் போவது ஆங்கிலத்தில் சாதாரணம்.

இதுவரை பார்த்த எல்லாம் அட்ஜெக்டிவுக்கு முன்னால் வந்தன. 'எனஃப்' மட்டும் பின்னால் போகும். 'ஓல்ட் எனஃப்', 'குட் எனஃப்', 'பிக் எனஃப்'. பதினெட்டு வயதானவரைப் பற்றி இந்தியாவில் 'ஹி இஸ் ஓல்ட் எனஃப் டு வோட்' என்று சொல்லலாம், 'எனஃப் ஓல்ட்' என்று சொல்ல முடியாது. ஆனால் இதே எனஃப் நவுனோடு வந்தால் முன்னால் நிற்கும்: 'எனஃப் மனி', 'எனஃப் டைம்'. தமிழில் 'போதுமான பணம்', 'போதுமான அளவு பெரிசு' என்று இரண்டிலும் முன்னாலேயே சொல்லிப் பழகியதால் நமக்குக் கை தானாக முன்னால் போடப் பார்க்கும். இந்த இடமாற்றத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவும் முடியாது. 'பிக் எனஃப் ஹவுசஸ்' என்றால் தேவையான அளவு பெரிய வீடுகள். 'எனஃப் பிக் ஹவுசஸ்' என்றால் பெரிய வீடுகள் தேவையான எண்ணிக்கையில் இருக்கின்றன. முன்னதில் எனஃப் பேசுவது அளவைப் பற்றி, பின்னதில் எண்ணிக்கையைப் பற்றி.

அப்புறம் ஒப்பிட்டுச் சொல்லும் இடம். 'திஸ் ஹவுஸ் இஸ் வெரி பிக்கர்' என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கலாம், 'ஷி இஸ் வெரி பெட்டர் நவ்' என்றும் எழுதுவார்கள். டால், பிக், குட் போன்ற சாதாரண வடிவத்தோடு வெரி வரும். டாலர், பிக்கர், பெட்டர் என்று மாறிய உடனே வெரி விலகிக்கொள்ள வேண்டும், அந்த இடத்துக்கு மச் வர வேண்டும்: 'மச் பிக்கர்', 'மச் பெட்டர்'. ஃபார் பெட்டர், எ லாட் பெட்டர் என்றும் சொல்லலாம். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 'எ பிட் பிக்கர்', 'ஸ்லைட்லி பிக்கர்'. ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் கொஞ்சம் பிடிபடும். 'பிக்' என்று சொல்லும்போது அந்தப் பொருளின் பருமனை மட்டும் அளக்கிறோம், 'பிக்கர்' என்று சொல்லும்போது இரண்டு பொருளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியை அளக்கிறோம். வெரி முதல் வேலைக்கு, மச் இரண்டாவது வேலைக்கு. இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம்: 'மச் டால்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'மச் டாலர்' என்றால் சரி.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'தி வெரி பெஸ்ட்' சரியான ஆங்கிலம். பெஸ்ட் என்பது ஒப்பீட்டின் உச்சி, அந்த உச்சியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் காட்ட வெரி வரலாம். பெட்டரோடு வராத வெரி பெஸ்டோடு வருவது முதலில் விசித்திரமாகத் தெரியும், நாலு தடவை சொல்லிப் பார்த்தால் காது பழகிவிடும்.

அலுவலக மெயில்களில் அடிக்கடி வரும் 'ஐ ஆம் வெரி மச் ஹேப்பி' என்பதையும் இந்த இடத்திலேயே சரி செய்துகொள்ளலாம். ஹேப்பி சாதாரண அட்ஜெக்டிவ், அதற்கு 'வெரி ஹேப்பி' போதும். வெரி மச் என்பது வெர்புக்குப் பின்னால் போக வேண்டியது, 'ஐ லைக் இட் வெரி மச்' என்பது போல. வெரி மட்டும் தனியாக வெர்பைத் தொடவே தொடாது, அதனால் 'ஐ வெரி லைக் இட்' என்று வராது. ஆனால் 'வெரி மச் பெட்டர்' வரும், ஏனென்றால் அங்கே மச் பெட்டரைத் தாங்குகிறது, வெரி மச்சைத் தாங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தெரிவது அட்ஜெக்டிவ்களுக்குள்ளேயே இருக்கிற ஒரு பிரிவு. கோல்ட், ஹங்ரி, டயர்ட், ஸ்மால் இவற்றையெல்லாம் கூட்டலாம், குறைக்கலாம். கொஞ்சம் குளிர், நல்ல குளிர், கடுங்குளிர் என்று படி படியாக ஏறலாம். இவற்றோடு வெரி, ஃபேர்லி, எக்ஸ்ட்ரீம்லி எல்லாம் தாராளமாக வரும். ஆனால் ஃப்ரீசிங், ஸ்டார்விங், எக்ஸாஸ்டட், டைனி என்பவை அந்தப் படிகளின் உச்சியிலேயே போய் உட்கார்ந்துகொண்ட சொற்கள். ஃப்ரீசிங் என்ற சொல்லுக்குள் 'வெரி கோல்ட்' ஏற்கெனவே இருக்கிறது. அதனால் 'வெரி ஃப்ரீசிங்' என்றால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இடறும். 'அப்சலூட்லி ஃப்ரீசிங்' என்றால் இயல்பாக இருக்கும். அப்சலூட்லி, கம்ப்ளீட்லி, டோட்டலி போன்றவை அளவைச் சொல்வதில்லை, ஆமாம், உச்சியிலேயேதான் இருக்கிறது என்று உறுதி செய்கின்றன. அதனால் அவை 'அப்சலூட்லி கோல்ட்' என்று கீழ்ப்படியில் நிற்கிற சொல்லோடு சேர்ந்தால் பொருந்தாது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. டெட், எம்ப்டி, ஃபுல், இம்பாசிபிள் போன்றவை. ஒன்று ஆம், இல்லையென்றால் இல்லை. பாதி சாத்தியமற்றது என்று ஒன்று கிடையாது. இவற்றோடும் கம்ப்ளீட்லி சேரும், கூடவே எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று சொல்கிற ஆல்மோஸ்ட், நியர்லி இரண்டும் சேரும்: 'தி பஸ் இஸ் ஆல்மோஸ்ட் எம்ப்டி', 'தி டேங்க் இஸ் நியர்லி ஃபுல்'. 'வெரி யூனிக்' சரியா என்ற சண்டை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இன்னும் ஓயவில்லை. யூனிக் என்றால் ஒன்றே ஒன்று, அதில் ரொம்ப ஏது என்பது ஒரு பக்கம். பேச்சில் யூனிக் என்பது வித்தியாசமானது என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது, அதனால் வரலாம் என்பது மறுபக்கம். பரீட்சையிலும் வேலை சம்பந்தமான கடிதத்திலும் வெரி இல்லாமல் எழுதுவதுதான் பாதுகாப்பு. எந்த வகை என்று சட்டென்று தெரியாத இடத்தில் 'ரியலி' கை கொடுக்கும். ரியலி கோல்ட், ரியலி ஃப்ரீசிங் இரண்டுமே சரி. பேச்சுக்கு அது நன்றாகப் பொருந்தும், கனமான கட்டுரை நடைக்கு மட்டும் கொஞ்சம் லேசாகத் தெரியும்.

இவ்வளவு நேரம் 'எவ்வளவு' என்ற கேள்வியையே பார்த்தோம். அட்ஜெக்டிவுக்கு முன்னால் வருகிற அட்வெர்ப் வேறு கேள்விகளுக்கும் பதில் சொல்லும். 'டெக்னிக்கலி பாசிபிள்' என்றால் எந்த வகையில் சாத்தியம்? தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம், செலவைப் பற்றி இன்னும் பேசவில்லை. 'ஃபைனான்ஷியலி இண்டிபெண்டென்ட்', 'பொலிடிகலி சென்சிடிவ்' எல்லாம் இந்த வகை. தமிழில் ரீதியாக, அளவில் என்று நாம் சொல்கிற இடங்கள் இவை. 'நியூலி மேரிட்', 'ஃப்ரெஷ்லி கிரவுண்ட் காஃபி' என்றால் எப்போது நடந்தது என்று சொல்கிறது, சற்று முன்புதான். 'பேட்லி டேமேஜ்ட்', 'பிரைட்லி கலர்ட்' என்றால் எப்படி என்று சொல்கிறது. இந்த மேரிட், கிரவுண்ட், டேமேஜ்ட் எல்லாம் வெர்பிலிருந்து பிறந்து அட்ஜெக்டிவாக வேலை செய்கிறவை, அதனால் இவற்றோடு 'லி'யில் முடிகிற அட்வெர்புகள் மிக எளிதாகச் சேர்கின்றன.

சில ஜோடிகள் வழக்கத்தால் இறுகிப்போனவை, இவற்றுக்கு விதி தேடிப் பயன் இல்லை. ஆழ்ந்து தூங்குகிறான் என்றால் 'ஃபாஸ்ட் அஸ்லீப்', துளித் தூக்கம்கூட இல்லாமல் விழித்திருக்கிறான் என்றால் 'வைட் அவேக்'. 'வெரி அஸ்லீப்' கிடையாது. வாட்டியெடுக்கிற குளிர் 'பிட்டர்லி கோல்ட்', நிறையப் படித்தவர் 'ஹைலி எஜுகேட்டட்', நோய் முற்றியவர் 'சீரியஸ்லி இல்'. தமிழில் கன்னங்கரேல், பச்சைப்பசேல் என்று நிறத்துக்கு ஒரு சொல் இருப்பது மாதிரி இவையும் சேர்த்தே மனதில் நிற்க வேண்டியவை. 'டெரிப்லி நைஸ்' என்று ஆங்கிலேயர்கள் சொல்வதைக் கேட்டால், பயங்கரத்துக்கும் நல்லதுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வேண்டாம். 'பயங்கர அழகு' என்று நாமும்தான் சொல்கிறோம்.

'லி' இருந்தாலே அட்வெர்ப் என்று நம்பிவிடவும் கூடாது. ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, காஸ்ட்லி எல்லாம் அட்ஜெக்டிவ்கள். 'எ வெரி ஃப்ரெண்ட்லி டாக்' என்பதில் வெரிதான் அட்வெர்ப். மறுபக்கம் வெரி, டூ, சோ, குவைட் எதிலும் 'லி' கிடையாது.

சோ, சச் இரண்டுக்கும் ஒரே ஒரு கணக்கு. பின்னால் அட்ஜெக்டிவ் மட்டும் இருந்தால் சோ, நவுனும் சேர்ந்து வந்தால் சச். 'இட் வாஸ் சோ ஹாட்', 'இட் வாஸ் சச் எ ஹாட் டே'.

நடுத்தர அளவைச் சொல்கிற ஃபேர்லி, குவைட், ராதர், பிரிட்டி ஆகிய நான்கில்தான் ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு தொனி மாறும். ஃபேர்லி பெரும்பாலும் நல்ல விஷயத்துக்கு: 'ஃபேர்லி கிளீன்', பரவாயில்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. ராதர் பெரும்பாலும் பிடிக்காததற்கு: 'ராதர் எக்ஸ்பென்சிவ்', கொஞ்சம் விலை கூடத்தான். அதே ராதர் நல்ல சொல்லோடு வந்தால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்று ஒரு வியப்பு தெரியும், 'தி ஃபிலிம் வாஸ் ராதர் குட்'. பிரிட்டி பேச்சு வழக்கு, 'பிரிட்டி டயர்ட்' என்றால் நல்ல களைப்பு, அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குவைட்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. உங்கள் வேலையைப் பார்த்து ஒரு அமெரிக்க மேனேஜர் 'குவைட் குட்' என்றால் நன்றாகப் பாராட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரிட்டிஷ் மேனேஜர் அதே இரண்டு சொல்லைச் சொன்னால் பல சமயம் பரவாயில்லை என்ற அளவில்தான் இருக்கும், குரலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆனால் அவரே 'குவைட் இம்பாசிபிள்' என்றால் கொஞ்சம் கடினம் என்று அர்த்தம் இல்லை, முற்றிலும் முடியாது என்று அர்த்தம். மேலே சொன்ன அந்தப் பிரிவு இங்கே மறுபடியும் வேலை செய்கிறது: படிப்படியாக ஏறுகிற குட்டோடு வரும்போது குவைட் ஓரளவு என்றாகிறது, ஆம் அல்லது இல்லை என்று நிற்கிற இம்பாசிபிளோடு வரும்போது முழுவதும் என்றாகிறது.

இந்த அட்வெர்புகளுக்கு முன்னால் 'நாட்' வந்தால் கணக்கு இன்னொரு தடவை மாறும். 'நாட் வெரி கிளியர்' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், தெளிவாக இருக்கிறது, ரொம்பத் தெளிவாக இல்லை என்றுதான் வர வேண்டும். நடைமுறையில் அப்படி வருவதில்லை, தெளிவாக இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற வழி அது. 'யுவர் ரிப்போர்ட் இஸ் நாட் வெரி கிளியர்' என்று ஒரு மெயில் வந்தால், அங்கங்கே ஒரு சொல்லை மாற்றி அனுப்பினால் போதும் என்று நினைக்காமல், முதலிலிருந்து ஒருமுறை படித்துத் திருத்தி எழுதி அனுப்புங்கள். 'நாட் டூ பேட்' என்று வந்தால் கவலையே வேண்டாம், அவருக்குப் பிடித்திருக்கிறது.